ஃபோனை எடுப்பவர்

கோகிலவாணி அன்று என்னிடம் சொன்னவற்றைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. பாதிப் பேச்சு விசைத்தறிப் பட்டறைக்குள் நடந்தது. அங்கே ஒரு சொல்லும் காதில் விழாது; உதடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் அவர் சொன்னதாக நான் எழுதுவதில் சில சொற்கள் நானே இட்டு நிரப்பியவையாக இருக்கலாம். பிறகு மறுகுரல் அவையில் நடந்தது அப்படியல்ல. அதற்கு அரசின் ஒலிப்பதிவு இருக்கிறது, வேண்டியவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

அப்போது நான் சென்னையில் நெறியகம் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்தேன். வாசலில் 'பொதுக் கொள்கை ஆய்வு மையம்' என்று பலகை இருக்கும். உள்ளே நாங்கள் செய்தது வேறு. ஒரு சட்டம் யாருக்கு வேண்டுமோ, யாருக்கு வேண்டாமோ, அவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, அவர்கள் விருப்பம் நாட்டின் நன்மையாகத் தோன்றும்படி எடுத்துச் சொல்வது. இதைச் சொல்ல எனக்கு அப்போதும் கூச்சமில்லை, இப்போதும் இல்லை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி.

பள்ளிபாளையத்திலிருந்து சென்னியப்பன் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. விசைத்தறி உரிமையாளர் கூட்டமைப்பின் செயலாளர். வெள்ளைச் சட்டை, இரண்டு காதிலும் காதுக் கருவி, சாதாரணமாகப் பேசினாலே அடுத்த அறைக்குக் கேட்கும் குரல்.

"ஏனுங் சார், மந்திரியப் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டா முடிஞ்சுதுங்களே. தேர்தலுக்கு நாங்க செய்யாததா?"

எங்கள் இயக்குநர் ஞானதுரை அரசுச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் அவசரப்படுத்த மாட்டார்.

"மந்திரி கையில இப்ப ஒண்ணும் இல்ல, சென்னியப்பன். எல்லாம் மறுகுரல் அவைதான்."

"அதாங் எனக்குப் புடிபடல. பொம்மைக்கெல்லாம் ஓட்டுங்கறாங்க."

"பொம்மை இல்ல, ஒரு லட்சம் பேரு. சம்மதிச்சவங்களோட ஃபோன் பேச்சை ஒரு வருஷம் பதிவு பண்ணாங்க. எதுக்குக் கோபப்படுவாங்க, எதை விட்டுக்கொடுப்பாங்க, எதுக்குப் பயப்படுவாங்கன்னு கணினி கத்துக்கிச்சு. ஆளுக்கு ஒரு மறுகுரல். கேள்வி கேட்டா அந்த ஆள் பதில் சொல்ற மாதிரியே சொல்லும். புதுசா எந்த விதி வந்தாலும் முதல்ல அவங்க முன்னாடி வைக்கணும். பாதிக்கு மேல எதிர்ப்புன்னா அரசு அதைத் தொடாது. தெரிஞ்சே கெட்ட பேர் வாங்க எந்த மந்திரி வருவான்?"

"அப்ப அந்த லட்சம் பேருகிட்டயும் யாரு போயி பேசறது?"

"பதிவு பண்ணின எந்த அமைப்பும் பேசலாம். நம்ம பக்கம் இவங்க பேசுவாங்க." ஞானதுரை என்னைக் காட்டினார்.

சென்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த அம்மிணியா? வந்ததுலேர்ந்து வாயவே தொறக்கலீங்களே!"

"அதுக்குத்தான் இவங்களுக்குச் சம்பளம்" என்றார் ஞானதுரை.

சென்னியப்பனுக்கு வேண்டாத விதி இதுதான். பட்டறையில் இரைச்சல் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. தறிகளை மாற்ற வேண்டும், அல்லது உறை போட்டு மூட வேண்டும். தொழிலாளிக்குக் காது போனால் கை போனதைப் போலவே வேலைக் காயமாகக் கருதி நஷ்டஈடு தர வேண்டும்.

"எனக்குந்தானுங் ரெண்டு காதும் போச்சு. செத்தா போயிட்டேன்?" காதுக் கருவியை விரலால் தட்டினார். "பட்டறைக்காரனுக்குக் காது போறது தலை நரைக்கிறாப்பலங்க. அதுக்கொரு சட்டமா?"

ஞானதுரை கணக்கை விளக்கினார். தொழில் பற்றிய விதி என்றால் அந்தத் தொழிலில் இருப்பவர்களின் வாக்கு ஒன்றுக்குப் பத்தாக எண்ணப்படும். அவையில் தறித் தொழிலாளர்கள் நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேர். "மத்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு எதிர்த்தாலே போதும். இந்த நாலாயிரம் பேர் வேண்டாம்னு சொல்லிட்டா விதி செத்தது."

சென்னியப்பன் முதல்முறையாகச் சிரித்தார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேசாமல் இருப்பது பிடிக்கும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் பேச ஆரம்பித்தால் புத்தகத்தைப் பிரித்துவிடுவேன். இந்தக் குணம் ஒரு தொழிலுக்கு உதவும் என்று நினைத்ததில்லை. மறுகுரல்கள் ஃபோன் பேச்சிலிருந்து உருவானவை. ஃபோனில் மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. எதிர்முனை பேசாவிட்டால் மனிதர்கள் பதறுவார்கள், பதறி இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்வார்கள். மற்ற நிறுவனங்களின் ஆட்கள் தங்கள் பதினைந்து நிமிடத்தையும் புள்ளிவிவரத்தால் நிரப்பினார்கள். நான் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன்.

முதல் அமர்வில் கேள்வி எல்லா மறுகுரலுக்கும் போகும், ஒன்றிரண்டு பதில்கள் மட்டும் ஒலிக்கும். நான் கேட்டது: "சத்தம் குறைந்த தறி மெதுவாக ஓடும். மெதுவாக ஓடினால் கூலி குறையும். உங்களுக்குச் சத்தம் குறைவது முக்கியமா, கூலி முக்கியமா?"

அவையில் எல்லா மறுகுரலுக்கும் ஒரே ஒலிதான். குரலை வைத்து யாரும் ஆளை எடைபோடக் கூடாது என்று விதி. திரையில் எண், பால், வயது, தொழில் மட்டும் வரும். எண் 61,408, ஆண், நாற்பத்தாறு, விசைத்தறித் தொழிலாளி. அது சொன்னது: "சத்தமெல்லாம் ஒரு கணக்கே இல்லீங். தறி ஓடுனாத்தானுங் ஊட்டுல அடுப்பெரியும்."

நான் பேசாமல் இருந்தேன்.

"ஓடுனாத்தானுங் பொழப்பு. நின்னு போனா யாரு வந்து கேப்பாங்க?"

முதல் எண்ணிக்கையில் எடையோடு சேர்த்து நூற்றுக்கு அறுபது எதிர்ப்பு. இன்னும் ஓர் அமர்வுதான் பாக்கி. செய்தித்தாள்களுக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஞானதுரை சொன்னார். "அந்த 61,408 யாருன்னு பாரு. சம்மதிச்சா வீடியோ எடு. 'அடுப்பெரியும்'னு அவர் வாயாலயே சொல்லட்டும்."

எழுதிக் கேட்டோம், சம்மதம் வந்தது. பெயர் அர்த்தநாரி. பள்ளிபாளையத்தில் ஒரு சந்துக்குள் பன்னிரண்டு தறி ஓடும் பட்டறை. உள்ளே நுழைந்ததும் மார்புக்கூட்டுக்குள் யாரோ தட்டுவது போல் இருந்தது. அர்த்தநாரி இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றிருந்தார். மெலிந்த, சிரித்த முகம். நான் அவரை வெளியே அழைத்துக் கதவை மூடிக்கொண்டு, கேமராவை வைத்து, முடிந்த அளவு உரக்கக் கேட்டேன்: "தறிச் சத்தம் உங்களுக்குப் பிரச்சனையாங்க?"

அவர் சிரித்துத் தலையாட்டினார். "ரெண்டும் பொண்ணுங்க."

மறுபடி கேட்டேன்.

"பெரியவ ஈரோட்டுல கட்டிக் குடுத்திருக்குதுங்க" என்றார் அன்பாக.

பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தார். தலையிலும் இமையிலும் பஞ்சு. "அவருக்குக் கேக்காதுங் மேடம். பத்து வருசத்துக்கு மேலாச்சு. வர்றவிய எல்லாம் கொழந்தைங்க எத்தனைன்னுதான் கேப்பாங்க, அதான் அதையே சொல்றாரு. என்னையக் கேளுங்." அவர் கோகிலவாணி, அர்த்தநாரியின் மனைவி, அடுத்த இரண்டு தறிகள் அவருடையவை.

வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், அவையில் கேட்டதையே கேட்டேன். சத்தமா, கூலியா?

"சத்தமெல்லாம் ஒரு கணக்கே இல்லீங்" என்றார் கோகிலவாணி. "தறி ஓடுனாத்தானுங் ஊட்டுல அடுப்பெரியும்."

நான் பேசாமல் நின்றேன். இம்முறை உத்தி ஏதுமில்லை, நிஜமாகவே பேச்சு வரவில்லை.

"ஓடுனாத்தானுங் பொழப்பு" என்றார் அவர், மௌனம் பொறுக்காமல்.

"அக்கா, உங்க வீட்டுல ஃபோனை யார் எடுப்பாங்க?"

"நாந்தானுங். அவரு எப்படி எடுப்பாரு? சிம்மு அவரு பேர்ல இருக்குது. இந்த லைன்ல எல்லா ஊட்டுலயும் அப்படித்தாங். ஆம்பளைங்க பேர்ல சிம்மு, பொம்பளைங்க கையில ஃபோனு. ஒரு வருசம் பேச்சப் பதியறம்னு வந்தாங்கல்ல, கையெழுத்து அவரு போட்டாரு, பேசுனது பூராம் நானு."

தேநீர் நேரம் முடிந்திருந்தது. அவர் உள்ளே போக, நானும் போனேன். மீதியை அந்த இரைச்சலில் நின்றுகொண்டு உதடுகளில் பார்த்தேன். இடது காதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம். முகாமுக்கு வந்த மருத்துவர் இப்படியே போனால் இரண்டு மூன்று வருடம்தான் என்றார். மற்றதும் பின்னாலேயே போய்விடுமாம். வீட்டில் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான். சின்ன மகள் கல்லூரி விடுதியில் இருந்து கூப்பிடுவாள்.

"எனக்கும் போயிருச்சுன்னா" என்றார், வாயை அகலத் திறந்து, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. "ஃபோனு அடிச்சுட்டே கெடக்கும்."

"பிறகு ஏன் சத்தம் ஒரு கணக்கே இல்லைன்னு சொன்னீங்க?"

அவர் அறுந்த நூலை முடிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "சத்தமா கூலியான்னு கேட்டா எவ சத்தத்தச் சொல்லுவா? நீங்க அப்படிக் கேட்டீங்க."

சென்னைக்குத் திரும்பும் ரயிலில் காட்பாடி வரைக்கும் நான் எதையும் படிக்கவில்லை. காது போவதைப் பற்றி ஓர் அவையைக் கேட்டிருக்கிறோம். அந்த அவையில் காது போனவர் ஒருவர்கூட இல்லை. காது போனவர் ஃபோனில் பேச மாட்டார். ஃபோனில் பேசாதவருக்கு மறுகுரல் கிடையாது. அவருடைய எண்ணில் அவர் மனைவியோ மகளோ உட்கார்ந்திருக்கிறார். இதில் யாருடைய சதியும் இல்லை. எண் யார் பெயரிலோ அவர்தான் பேசுகிறார் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் ஞானதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உக்காரும்மா. பதிவுல தப்பு இருக்கு, சரி. அது அரசோட தப்பு. நாம ஏதாவது பொய் சொன்னோமா?"

"இல்ல சார்."

"கேள்வியைத் தேர்ந்தெடுத்தோம். அதுதான் நம்ம தொழில். இந்த விஷயம் ரொம்ப நல்லா இருக்கு, வாசுகி. புத்தகமா எழுது, நானே முன்னுரை தர்றேன். இந்த வாரம் மட்டும் வேண்டாம்."

"கடைசி அமர்வுல தனித்தனியா கூப்பிட்டுக் கேக்க மூணு கேள்வி இருக்கு சார். அதுல கேக்கப் போறேன்."

அவர் என்னை மாற்ற முடியாது. அவையில் பேசுபவரின் பெயரை ஏழு நாள் முன்பே கொடுத்தாக வேண்டும், கொடுத்தாகிவிட்டது. ஆனால் அவர் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"நீ கேக்க மாட்டே. பதினோரு வருஷமா உன்னைப் பாக்கறேன். உனக்கு ஜெயிக்கறது பிடிக்கும்."

அது உண்மை. எனக்கு ஜெயிப்பது பிடிக்கும். நான் பதில் சொல்லவில்லை. நான் பேசாதிருந்தால் அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார் என்றும் எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அமர்வு. பார்வையாளர் பகுதியில் எங்களைத் தவிர ஆறு பேர். சென்னியப்பன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் எண் 61,408-ஐக் கூப்பிட்டேன்.

"உங்கள் வீட்டில் ஃபோனை யார் எடுப்பார்கள்?"

"நாந்தானுங்."

நான் பேசாமல் இருந்தேன். பதிவில் அந்த இடைவெளி பதினான்கு விநாடி.

"ஹலோ? மேடம், இருக்கீங்களா? லைன் கட்டாயிருச்சா?" பிறகு, "அவருக்குக் கேக்காதுங், அதான் நான் எடுக்கறது. எனக்குமே எடது பக்கம் சரியில்லீங். வலது காதுல வெச்சுத்தான் பேசறேன்."

அவை அலுவலர் தலைநிமிர்ந்தார். திரையைப் பார்த்தார். ஆண், நாற்பத்தாறு. "ஒரு நிமிடம். விளக்கம் தேவை. 'அவருக்கு' என்றால் யாருக்கு?"

"எங்க ஊட்டுக்காரருக்குத்தாங். வேற யாருக்கு?"

ஆறு பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு அவரும் அடங்கினார்.

இரண்டாவது கேள்வியும் அதேதான், வேறொரு தொழிலாளியிடம். ஐம்பத்திரண்டு வயது என்று திரை காட்டியது. "நான்தான் எடுப்பேன், அப்பாவுக்குக் கேக்காது. காலேஜ் விட்டு வந்ததும் நான்தான்." மூன்றாவது எண் எரிச்சல்பட்டது: "யாரு எடுத்தா என்னங்க? அவருகிட்ட கத்திச் சொல்ல நானாச்சு. விசயத்தச் சொல்லுங்."

என் நேரம் முடிந்தது. ஞானதுரை என்னைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. பையைத் திறந்து எதிர்ப்பு மனுப் படிவத்தை எடுத்து, நடைபாதையில் நின்றபடியே பூர்த்தி செய்தார். சாட்சி நமக்கு எதிராகத் திரும்பினால், அது சொன்னதோடு மல்லுக்கட்டாதே, சாட்சியையே செல்லாததாக்கு. நெறியகத்தின் முதல் பாடம் இது. குடிநீர் விதியில் அப்படித்தான் செய்தோம், மருந்துக் கடை விதியிலும். 'மேற்படி உறுப்பினர்கள் தாங்கள் சொல்லிக்கொள்ளும் நபர்கள் அல்லர். ஆகவே இத்தொழிற்பிரிவினர் அனைவரின் பதில்களும் வாக்குகளும் நீக்கப்பட வேண்டும்.' ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார். அலுவலருக்கும் அதைவிடச் சுலபமான வழி இருக்கவில்லை. மனு ஏற்கப்பட்டது.

சென்னியப்பனுக்கு விஷயம் புரிய ஞானதுரையைவிடக் குறைவான நேரமே ஆனது. நடைபாதையின் கடைசியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"சார்! யாரை நீக்கச் சொன்னீங்க?"

"அந்தப் பதில்களை..."

"அந்த நாலாயிரம் பேரும் நம்ம ஓட்டுங் சார்! ஒண்ணுக்குப் பத்து ஓட்டு! நம்ம ஆளுங்களையே வெளிய தள்ளிட்டு வந்து நிக்கறீங்களே, நீங்க செயலராத்தான் இருந்தீங்களா?"

பிற்பகல் எண்ணிக்கை வந்தது. மீதமிருந்தவர்களுக்கு, அதாவது நகரத்தார், விவசாயிகள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள் எல்லாருக்கும், இந்த விதியால் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. நூற்றுக்கு ஐம்பத்து நாலு ஆதரவு. விதி நிறைவேறியது.

காரில் ஏறும்போதுதான் ஞானதுரை கேட்டார். "நான் மனு போடுவேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். படிவத்தை உங்க பையில வெச்சதே நான்தான்."

அவருக்குக் கோபம் இருந்ததாக நினைவில்லை. "சொன்னேன்ல, உனக்கு ஜெயிக்கறது பிடிக்கும்" என்றார். பிறகு கார் கதவை அவரே மூடிக்கொண்டார். நான் பேருந்தில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் பள்ளிபாளையம் போய்க் கோகிலவாணியிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்றுதான் நினைத்தேன். பட்டறைக்கு வெளியே, அந்தச் சந்தில், அவர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப எங்களுக்கான சட்டத்த, எங்களை வெளிய நிறுத்திட்டுப் போட்டிருக்கீங்க."

"உங்க காது மிஞ்சும், அக்கா."

"மிஞ்சுமுங். இல்லீங்கல." சேலையில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். "மொதல்ல பேச்சப் பதிஞ்சுட்டுப் போனவிய எங்களைக் கேக்காம எங்க பேர்ல பேசுனாங்க. இப்ப நீங்க எங்களைக் கேக்காம எங்க பேர அடிச்சுப் போட்டீங்க. நீங்க நல்லதுக்குப் பண்ணுனீங்க. அவியளும் அதையேதான் சொன்னாங்க."

அவர் உள்ளே போனார். நான் செய்ததை மறுபடி செய்வேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன். செய்வேன். ஆனால் இரண்டு நாள் முன்பே அந்தச் சந்துக்குப் போய், அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்வேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதுதான் எனக்குத் தெரியாதது.

அதன்பின் நடந்தவை இவை. எனக்கு நெறியகத்தில் வேலை போயிற்று. இப்போது சேலத்தில் ஒரு தொழிற்சங்கத்துக்கு மனுக்கள் எழுதித் தருகிறேன். ஞானதுரை மறுகுரல்களின் அடையாளத்தைச் சரிபார்ப்பது பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அரசு அந்தப் பணியை அவருடைய நிறுவனத்துக்கே கொடுத்திருக்கிறது. சென்னியப்பன் பாதித் தறிகளுக்கு உறை போட்டார், மீதியை இப்படி ஓர் அவை இல்லாத மாநிலத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார். தறித் தொழிலாளர்கள் அவையில் இன்னும் சேர்க்கப்படவில்லை. காது கேளாதவர்களை எப்படிப் பதிவு செய்வது என்று குழு ஆராய்ந்துகொண்டிருக்கிறது. கோகிலவாணியைச் சொந்தப் பெயரில் பதிய வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அர்த்தநாரி நஷ்டஈடு வாங்கினார். அவருக்கு ஒரு தறிதான் இப்போது. வீட்டில் கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கோகிலவாணியின் இடது காது போய்விட்டது. வலது காது கேட்கிறது.